ஹெட்போனுக்கு மரக் கப் போடப் போறீங்களா? மரத்தப் பாக்குறதுக்கு முன்னாடி உள்ள நிக்கிற காத்த அளந்துக்கோங்க

க்ளோஸ்டு பேக் (கப்போட பின்பக்கம் மூடியிருக்குற) ஹெட்போன் வச்சிருக்கிறவங்கள்ல பாதி பேருக்கு ஒரு கட்டத்துல இந்த ஆசை வந்துடும், பிளாஸ்டிக் கப்ப கழட்டிட்டு மரத்துல ஒண்ணு கடைஞ்சு மாட்டுனா சவுண்டு அப்படியே "வார்ம்" ஆயிடும்னு. ஆவலாம், ஒண்ணுமே மாறாமயும் போவலாம், இருந்தத விட மோசமாவும் ஆவலாம். கடலூர், பாண்டி பக்கம் இருக்குற நமக்கு மரத்துக்கும் கடைசல் பட்டறைக்கும் பஞ்சம் இல்ல, வெளிநாட்டுல இருந்து ரெடிமேட் கப் வரவழைக்கிற காசுல கால்வாசி கூட ஆவாது, ஆனா எத மாத்துறோம்னு தெரிஞ்சு மாத்தணும்.

எல்லாரும் மொதல்ல கேக்குறது "என்ன மரம் நல்லது?"ன்னு தான். என்னைக் கேட்டா அது நாலாவதா கேக்க வேண்டிய கேள்வி. கப்புக்குள்ள எவ்ளோ காத்து நிக்குது, அது எங்கயாவது கசியுதா, உள்சுவத்துல மோதித் திரும்புற சத்தத்த உள்ள எதாவது குடிக்குதா, இந்த மூணும் தான் முன்னாடி. இந்த மூணையும் மாத்தாம தேக்குக்குப் பதிலா வேங்கைய மட்டும் போட்டா காதுக்குப் புடிபடுற வித்தியாசம் ரொம்பக் கம்மி.

ஏன்னு சொல்றேன். டிரைவர்ல (கப்புக்குள்ள இருக்குற குட்டி ஸ்பீக்கர்) இருக்குற டயாஃப்ரம், அதாவது அதிர்ற மெல்லிசு சவ்வு, காதுப் பக்கம் தர்ற அதே சத்தத்த பின்பக்கமும் தள்ளுது. ஓப்பன் பேக்ல அது வெளிய போயிடும். க்ளோஸ்டுல போக வழி இல்ல, அடைபட்ட காத்து ஸ்பிரிங்கா மாறி டயாஃப்ரத்த எதுத்துத் தள்ளும். கப் சின்னதா இருந்தா இந்த ஸ்பிரிங் வெறப்பா இருக்கும், அடி பேஸ் கொறஞ்சு அதுக்கு மேல இருக்குற மிட்-பேஸ் பொம்முனு வீங்கும். கப் கொஞ்சம் பெருசானா ஸ்பிரிங் தளரும், பேஸ் இன்னும் கீழ எறங்கும். ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பாருங்க: உள்விட்டம் 76 மி.மீ, ஆழம் 33 மி.மீ இருக்குற வட்டக் கப்புல சுமார் 150 மி.லி காத்து நிக்கும். ஆழத்த வெறும் 5 மி.மீ கூட்டுனா 23 மி.லி ஏறுது, அதாவது 15 சதவீதம். "மரக் கப் போட்டதும் பேஸ் சும்மா அள்ளுது"ன்னு சொல்றவங்க நெறைய பேருக்கு அந்த பேஸ் மரத்துல இருந்து வரல, இந்த 5 மி.மீ.ல இருந்து வந்தது.

அதே ஆழம் மேல் பக்கமும் வேலை காட்டும். டிரைவர்ல இருந்து கெளம்புன சத்தம் பின்சுவத்துல மோதித் திரும்பி வரும்ல, அந்த தூரத்துக்கு ஏத்த ஒரு அலைவரிசைல அது நின்னு ஒலிக்கும். நம்ம ஊர் 30 டிகிரி சூட்டுல சத்தம் நொடிக்கு சுமார் 349 மீட்டர் ஓடும், 33 மி.மீ ஆழத்துக்கு அது கிட்டத்தட்ட 5.3 கிலோஹெர்ட்ஸ்ல வந்து விழும், 38 மி.மீ ஆக்குனா 4.6க்கு எறங்கிடும். பாடுறவங்களோட "ச", "ஷ" எல்லாம் காதக் குத்துறது அந்த ஏரியாவுல தான் ஆரம்பிக்கும். பின்சுவரு டிரைவருக்கு நேர் எதிர்ல தட்டையா, இணையா இருந்தா இது மோசமா இருக்கும். சரி கிண்ணம் மாதிரி வளைச்சுடலாம்னு பாத்தா முழு வட்டக் கிண்ணம் எல்லாத்தையும் நடுவுல கொண்டுவந்து குவிச்சுடும். லேத்துல போட்டா எல்லாமே சமச்சீரா தான் வரும், அதனால ஓரம் ஆழம் கம்மி, நடுவு ஆழம் ஜாஸ்தின்னு மெதுவா சரியுற மாதிரி கடைஞ்சு, நடுவுல ஃபெல்ட் (தடிச்ச கம்பளித் துணி) ஒட்டுறது தான் நடைமுறைக்கு ஒத்து வரும்.

மரம் போட்ட பெரிய கம்பெனி ஹெட்போன்களும் இதத்தான் பாக்குறாங்க. சோனி 1989ல விட்ட எம்.டி.ஆர்-ஆர்10ல ஜெல்கோவா மரம், டெனான் டி5000, டி7000ல மகோகனி, மேஸ் 99 கிளாசிக்ஸ்ல வால்நட். விளம்பரத்துல மரத்தோட பேரு பெருசா நிக்கும், ஆனா ஆர்10 கப்போட உள்பக்கத்த பாத்தீங்கன்னா அது சும்மா கொடைஞ்ச குழி இல்லன்னு ஒடனே தெரிஞ்சுடும்.

இப்ப பலாக்கட்டை விஷயத்துக்கு வருவோம், நம்ம ஏரியாவுல இத சொல்லாம நகர முடியாது. பண்ருட்டி பலான்னா பழம் மட்டும் இல்ல, தஞ்சாவூர்ல வீணை செய்றவங்களும் மிருதங்கக் கட்டை கடையிறவங்களும் இந்தப் பக்கத்துப் பலாவத் தேடி வருவாங்க. ஒடனே நம்ம ஆளுங்க "வீணைக்கே ஆவுது, ஹெட்போனுக்கு ஆவாதா"ன்னு கேப்பாங்க. ஆவும், ஆனா காரணம் தலைகீழ். வீணைக் குடம் தந்தியோட சேந்து அதிரணும், அதிர்ந்தா தான் அதுக்கு நாதம். ஹெட்போன் கப் அதிரக்கூடாது, வாயத் தெறக்காம கம்முனு நிக்கணும், அது தானா பாட ஆரம்பிச்சா ஒவ்வொரு பாட்டுலயும் ஒரே சுரம் தூக்கலா கேக்கும். அதனால கப்புக்கு சுவரு தடிமனா வச்சு, மெலிசா வழிச்சு எடுக்காம விட்டா பலா அருமையான மரம், கடையறதுக்கும் சுலபம், ரொம்ப கனமும் இல்ல. கடைஞ்ச புதுசுல மஞ்சளா இருக்கும், வெளிச்சம் பட பட பழுப்பா மாறி ஒரு வருசத்துல செம லுக்கு வந்துடும்.

சுவரு எவ்ளோ தடிமன்? 6ல இருந்து 8 மி.மீ. 4க்கு கீழ போனா விரலால தட்டுனாலே டங்குனு கேக்கும், அது வேணாம். ரொம்ப தடிச்சா தலையில பாரம். 90 மி.மீ வெளிவிட்டம், 40 மி.மீ உயரம், 7 மி.மீ சுவரு வச்ச ஒரு கப்புல சுமார் 105 கன சென்டிமீட்டர் மரம் இருக்கும், பலா, தேக்கு மாதிரி மரம்னா 65 கிராம் பக்கம், ஈட்டின்னா 85ஐ தாண்டும், கருங்காலின்னா 110க்கு மேல. ரெண்டு காதுக்கும் சேத்து பலாவுக்கும் கருங்காலிக்கும் நடுவுல 90 கிராம் வித்தியாசம், ரெண்டு மணி நேரம் மாட்டிட்டு உக்காந்தா கழுத்து சொல்லிடும். கெட்டியான மரம் அதிர்வு கம்மியா இருக்கும்ங்கிறது நெசம் தான், ஆனா 7 மி.மீ பலாவே இந்த வேலைக்குப் போதும். செம்மரம் பக்கம் மட்டும் போயிடாதீங்க, யாரோ தெரிஞ்சவர்கிட்ட துண்டு கெடக்குதுன்னு சொன்னாலும் வேணாம், கேஸ் ஆயிடும்.

எந்த ஹெட்போன்ல பண்ணலாம்? கப் தனியா கழண்டு வர்ற மாதிரி இருக்கணும், அவ்ளோ தான். டெனான் டி2000 குடும்பம், ஃபாஸ்டெக்ஸ் டி.ஹெச்-எக்ஸ்00 வகையறா எல்லாம் இதுக்குன்னே செஞ்ச மாதிரி, பேடக் கழட்டுனா ஸ்க்ரூ தெரியும், கப் வட்டமா தனியா வந்துடும். ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்.பி.யும் மாடிங் பண்றவங்களோட (ஹெட்போனப் பிரிச்சு மாத்தி அமைக்கிறவங்க) செல்லப்புள்ள, ஆனா அது கப் வட்டம் கெடையாது, லேத்துல வராது, ரவுட்டர் (மரத்துல குழி வெட்டுற மெஷின்) வச்சிருக்கிற ஆசாரி வேணும், அப்புறம் அது ஒரிஜினலாவே செமி ஓப்பன், பின்னாடி துளைங்க இருக்கும், அத அடைச்சா வேற ஹெட்போனே ஆயிடும். ஒட்டி சீல் பண்ண புளூடூத் ஹெட்போன் பக்கம் போவாதீங்க, உள்ள பேட்டரி, போர்டுன்னு அடைச்சிருக்கும், அதுல மரம் போட்டு என்ன பண்ணப் போறோம்.

சரி, வேலை. மொதல்ல ஒரிஜினல் கப்ப அளக்கணும். ஸ்கேல் வச்சு அளந்தா உள்ள இருக்குற மேடு பள்ளம் எல்லாம் ஏமாத்திடும். அடுப்படியில இருந்து கேழ்வரகோ கடுகோ எடுத்துட்டு வாங்க, கப்புல ஸ்க்ரூ ஓட்டை, ஒயர் ஓட்டை எல்லாத்துக்கும் டேப் ஒட்டி, வாய் வரைக்கும் கொட்டி, அட்டையால வழிச்சு விட்டு, அத மருந்து பாட்டிலோட வர்ற அளவு மூடியாலயோ மி.லி கோடு போட்ட கிளாசாலயோ அளந்து எழுதி வச்சுக்கோங்க. தண்ணிய விட இது தேவல, ஒழுகாது. மரக் கப் கடைஞ்சு வந்ததும் அதுக்கும் இதே கடுகு. ரெண்டு மரக் கப்புக்கும் நடுவுல 3 மி.லிக்கு மேல வித்தியாசம் இருந்தா திரும்ப பட்டறைக்குப் போயி இன்னும் கொஞ்சம் கொடைஞ்சுட்டு வாங்க, இல்லன்னா எடது ஒரு மாதிரி வலது ஒரு மாதிரி கேக்கும்.

எவ்ளோ பெருசாக்கலாம்னா, மொத தடவ ஒரிஜினல் அளவே வைங்க, போனா போவுது 10 சதவீதம் கூட. பேஸ் ஆசையில ஒரேயடியா டபுள் பண்ணுனா டயாஃப்ரத்துக்குப் பின்னாடி புடிமானம் இல்லாம தவில் அடி எல்லாம் தொளதொளன்னு ஆயிடும்.

மரம் வாங்குறப்ப ஒரே பலகையில இருந்து ரெண்டு துண்டும் எடுங்க. மரவாடில கேட்டா சின்ன துண்டு தனியா தர மாட்டேன்னு சில பேர் சொல்லுவாங்க, கழிவுத் துண்டு கெடங்க காட்டச் சொல்லுங்க, நம்ம தேவைக்கு அது போதும். பாண்டியில பழைய வீடு இடிக்கிற எடத்துல வர்ற தேக்கு உத்தரம் கெடைச்சா விடாதீங்க, அம்பது அறுபது வருசம் காஞ்ச மரம், இனிமே அது பெருசா சுருங்காது, ஆனா உள்ள ஆணி ஒளிஞ்சிருக்கும், பழைய ஸ்பீக்கர் காந்தத்த மேல ஓட்டிப் பாத்துட்டு குடுங்க, உளி தெறிச்சா கடைசல்காரர் திட்டுவாரு. 2011 டிசம்பர் 30ல தானே புயல் அடிச்சப்ப பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பா சாஞ்சுது, அப்ப அறுத்து வச்ச பலகை சொந்தக்காரங்க வீட்டுப் பரண்ல கெடக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டு வைங்க. வைரம் பாஞ்ச பகுதி தான் வேணும், ஓரத்துல இருக்குற வெளுப்பு வேணாம், அதுல வண்டு சீக்கிரம் வரும். மாமரம் விலை கம்மி, அதுலயும் வண்டுத் தொல்லை. பூவரசு நல்லா இருக்கும், வாகையும் ஓகே. வேங்கை அழகு தான், ஆனா ஈரம் பட்டா மஞ்ச சாயம் விடும், உள்ளயும் வெளியயும் நல்லா பூச்சு போடலன்னா வேர்வைல சட்டைக் காலர் கெட்டுடும்.

மரத்தக் காய வைக்கிறது தான் கடலோரத்துல பெரிய தலைவலி. நம்ம ஊர் காத்துல எப்பவும் ஈரம் இருக்கு, மரம் ஒரு அளவுக்கு மேல காயவே காயாது. துண்ட அடுப்படி தராசுல வச்சு எடைய பென்சில்ல அது மேலயே எழுதுங்க, வாரத்துக்கு ஒரு தடவ எழுதிட்டே வாங்க, எடை ஒரே எடத்துல நின்னுடுச்சுன்னா தயார். பச்சை மரத்த வெயில்ல போட்டு அவசரமா காய வச்சா விரிசல் விடும். இன்னொண்ணு, ஒரேயடியா முழு கப்பா கடையாதீங்க, மொதல்ல சுவரு 15 மி.மீ இருக்குற மாதிரி முரட்டுக் கடைசல் போட்டு சில வாரம் நெழல்ல வச்சுட்டு, அது கோணுற வரைக்கும் கோணட்டும்னு விட்டு, அப்புறமா கடைசிக் கடைசல். நார் கப்போட அடிப்பக்கத்துக்குக் குறுக்கா ஓடணும். நார் முனை பின்சுவரா வந்தா, பெரிய துளை இருக்குற சில மரத்துல அது வழியாவே காத்து கசியும், நீங்க கேஸ்கெட்ட (கசியாம இருக்க நடுவுல வைக்கிற வளையம்) மாத்தி மாத்திப் பாத்துட்டு இருப்பீங்க.

கடைசல்காரர்கிட்ட போறப்ப ஹெட்போன கைல எடுத்துட்டுப் போங்க, வாயால சொன்னா புரியாது. கட்டில் கால் கடையிறவருக்கு வெளிப்பக்கம் தான் பழக்கம், உள்ள கொடையறதுக்கு குங்குமச் சிமிழ், பொம்மை கடையிறவர் கெடைச்சா ரொம்ப நல்லது. ஒரு அண்ணன் நான் குடுத்த படத்தத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "ஏன் தம்பி, இது என்ன, காதுக்கு சிமிழா?"ன்னு கேட்டாரு, "ஆமாண்ணே, அதே தான்"னு சொன்னேன், அதுக்கப்புறம் ஒரு விளக்கமும் தேவைப்படல. உள்வளைவுக்கு கெட்டி அட்டையில ஒரு டெம்ப்ளேட் வெட்டிக் குடுத்துடுங்க, அவர் கடையக் கடைய அத உள்ள வச்சுப் பாத்துக்குவாரு. வாய் ஓரத்துல ஒரிஜினல் கப்புல இருக்குற படி அப்படியே வரணும், பேஃபிள் (டிரைவர் மாட்டியிருக்குற தட்டு) அதுல தான் உக்காரும், இங்க அர மி.மீ தப்பு கூட கசிவு ஆயிடும். மாஸ்க் போட்டுக்கோங்க, ஈட்டி, வேங்கைத் தூளு சில பேருக்கு ஒத்துக்காது.

பாலிஷ்: உள்பக்கம் ரெண்டு கோட்டு ஷெல்லாக்கோ சீலரோ, வெளிப்பக்கம் உங்க இஷ்டம். ஐப்பசி, கார்த்திகைல ஸ்பிரிட் பாலிஷ் போடாதீங்க, மழை ஈரத்துல பால் மாதிரி வெள்ளை பூத்துடும், அத சொரண்டி எடுக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். மாசி, பங்குனி சரியான நேரம். வாசனை சுத்தமா போற வரைக்கும் டிரைவர் மாட்டக் கூடாது.

மாட்டுறப்ப கவனிக்க வேண்டியது கசிவு தான். கப்புக்கும் பேஃபிளுக்கும் நடுவுல மெல்லிசான ஃபோம் கேஸ்கெட், கெடைக்கலன்னா சைக்கிள் டியூப வளையமா வெட்டிப் போடுங்க. ஒயர் வர்ற ஓட்டைய ரப்பர் புஷ் வச்சு அடைங்க. ஸ்க்ரூவுக்கு முன்கூட்டியே சின்ன துளை போட்டுடுங்க, நேரா திருகுனா மரம் பொளந்துடும், அப்புறம் உப்புக் காத்துக்கு எஸ்.எஸ். ஸ்க்ரூ தான், சாதா இரும்பு ஒரே மழைக்காலத்துல துருப்புடிச்சு மரத்துல கருப்பா எறங்கும். ஒரிஜினல் கப்புல குட்டியா ஒரு காத்துத் துளை இருந்துச்சுன்னா மரக் கப்புலயும் அதே விட்டத்துல வேணும், அதுமேல ஒட்டியிருந்த பேப்பரோ துணியோ அதையும் மாத்தி ஒட்டணும். டிரைவருக்குப் பின்னாடி ஒட்டியிருக்குற மெல்லிசு ஃபெல்ட்டத் தொடவே தொடாதீங்க. ஒயர் கழட்டி சால்டர் பண்றதா இருந்தா பிளஸ் மைனஸ் குறிச்சு வைங்க, ஒரு பக்கம் மாறிடுச்சுன்னா குரல் நடுவுல நிக்காம தலைக்கு வெளிய எங்கயோ கேக்கும், பேஸ் காணாம போயிடும், மரத்தத் திட்டிட்டு உக்காந்திருப்பீங்க.

கசிவு இருக்கான்னு பாக்க ஃபோன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 40 ஹெர்ட்ஸ் ஓட விட்டு, தலையில மாட்டிக்கிட்டு கப்பும் பேஃபிளும் சேர்ற எடத்த விரலால சுத்தி அழுத்திட்டே வாங்க. எங்கயாவது அழுத்துனா சத்தம் மாறுச்சுன்னா அங்க தான் ஓட்டை.

அடுத்து உள்ள திணிக்கிறது. பின்சுவரு நடுவுல 3 மி.மீ கம்பளி ஃபெல்ட் ஒரு ரூபா நாணயத்த விட கொஞ்சம் பெருசா ஒட்டிட்டு மொதல்ல கேளுங்க. "ச" இன்னும் குத்துதுன்னா ஃபெல்ட்ட பெருசாக்குங்க. அதுவும் பத்தலன்னா பஞ்சு. நம்ம ஊர் இலவம்பஞ்சு இதுக்கு ரொம்ப நல்லா வேலை செய்யும், நாரு உள்ளுக்குள்ள குழாயா இருக்குறதால எடையே இல்ல, மெல்லிசு மல் துணியில சின்ன மூட்டையா கட்டி வைக்கணும், சும்மா வச்சா நூலு நூலா பறந்து டிரைவர் மேல போயி உக்காந்துடும். லேசா, தளர்வா வச்சா காத்துக்கு கப் கொஞ்சம் பெருசான மாதிரி தெரியும், பேஸும் சீராவும். தலகாணி மாதிரி திணிச்சீங்கன்னா பாட்டு செத்துப் போயிடும், எல்லாம் போர்வைக்குள்ள இருந்து கேக்குற மாதிரி ஆயிடும். ஒரு கப்புக்கு 1 கிராமுல ஆரம்பிங்க, ரெண்டு பக்கமும் எடை போட்டு, ஒரே அளவு.

இந்த வேலை நடக்குறப்ப இயர்பேட மாத்தாதீங்க, இத எவ்ளோ தடவ சொன்னாலும் ஆளுங்க கேக்குறதில்ல. புது மரக் கப்போட புது லெதர் பேடும் சேத்து வாங்கி ரெண்டையும் ஒரே நாள்ல மாட்டிட்டு மரம் சூப்பர்னு சொல்லுவாங்க. பேடோட தடிமன், துளை, சீல் மாறுனா வர்ற வித்தியாசம் கப் மாத்துறத விட பெருசா கூட இருக்கும். மரத்துக்கு ஒரு நாள், பேடுக்கு வேற நாள்.

காத நம்ப முடியாது, பழைய கப் கழட்டி புதுசு மாட்டுறதுக்குள்ள அரமணி நேரம் ஓடிடும், பழைய சவுண்டு ஞாபகத்துல இருக்காது. அளந்து பாக்கணும். வட்டமா வெட்டுன பிளைவுட்ல நடுவுல துளை போட்டு சின்ன எலெக்ட்ரெட் மைக்க மட்டமா பதிச்சு, லேப்டாப்ல ஆர்.இ.டபிள்யூ-னு இலவசமா கெடைக்கிற சாஃப்ட்வேர் போட்டு, ஹெட்போன பலகை மேல வச்சு ஸ்வீப் (அடி பேஸ்ல இருந்து உச்சி வரைக்கும் ஏறுற சோதனைச் சத்தம்) ஓட்டுங்க. இந்த கிராஃப் உங்க காதுல கேக்குறதோட அப்படியே ஒத்துப் போகாது, அதப் பத்தி கவலை வேணாம், நமக்குத் தேவை பழசுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் தான். ஹெட்போன எடுத்து எடுத்து வச்சு அஞ்சு தடவ ஓட்டி சராசரி எடுங்க, ஏன்னா ஒரு தடவ வச்சதுக்கும் அடுத்த தடவ வச்சதுக்குமே மேல் பக்கம் நெறைய ஆடும். மாட்டுறதுக்கு முன்னாடி ஒரிஜினல் கப்போட ஒரு செட் எடுத்து வைக்க மறந்துடாதீங்க, அது இல்லன்னா ஒப்பிட ஒண்ணுமே இல்ல.

அதுக்கப்புறம் பாட்டு கேளுங்க. மிருதங்கத் தனி நல்ல சோதனை: தொப்பிப் பக்கம் (பேஸ் வர்ற பெரிய முகம்) "தொம்"முனு விழுந்து ஒடனே நிக்கணும், பின்னாடி ஒரு வால் இழுத்துட்டு வந்தா பஞ்சு பத்தல இல்லன்னா காத்து ஜாஸ்தி. வலந்தலை (இன்னொரு முகம்) "நம்" தெளிவா, கூர்மையா, ஆனா குத்தாம வரணும். நாதஸ்வரம் மேல் ஸ்தாயில ஏறுறப்ப எதாவது ஒரு சுரம் மட்டும் திடீர்னு கத்துச்சுன்னா உள்சுவத்து எதிரொலி இன்னும் இருக்கு, ஃபெல்ட் எடத்த நகத்திப் பாருங்க. பாடுறவங்க குரல் பானைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்தா கப் ஆழம் ஜாஸ்தி ஆயிடுச்சு.

பெங்களூர் மாதிரி காஞ்ச ஊருக்கு எடுத்துட்டுப் போறவங்களும், ராத்திரி பகலா ஏ.சி ரூம்ல வைக்கிறவங்களும் ஒண்ணு கவனிங்க, இங்க கடைஞ்ச கப் அங்க போனதும் கொஞ்சம் சுருங்கி லேசா முட்டை வடிவத்துக்குப் போகும். ஸ்க்ரூவ முழு பலத்துல இறுக்காதீங்க, கேஸ்கெட் அமுங்குற அளவு போதும். மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு தடவ அந்த 40 ஹெர்ட்ஸ் டெஸ்ட்ட திரும்பப் போடுங்க, பேஸ் கொறஞ்ச மாதிரி தோணுனா பெரும்பாலும் ஒரு ஸ்க்ரூ கால் திருகு தளர்ந்திருக்கும்.